தண்ணீர் குறையாத பாட்டில்

இரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு சிறுமியின் தண்ணீர் பாட்டில், காலையில் எப்படி நிரம்பி வந்ததோ அப்படியே மாலையில் வீட்டுக்குத் திரும்பிப் போகும். பல வாரங்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று இருக்கையை விட்டு இறங்கி, தரையில் விழுந்த எதையோ எடுப்பவளைப் போல ஒரு காலை மடித்துக் குந்தி, குதிகாலின் மேல் உடல் எடை முழுவதையும் வைத்து அரை நிமிடம் அசையாமல் இருப்பாள். கண்கள் எங்கோ நிலைகுத்தி நிற்கும். பிறகு எழுந்து, ஒன்றும் நடவாததுபோல் உட்கார்ந்துகொள்வாள். "ஓர் இடத்தில் உட்கார மாட்டாயா?" என்று அவளைப் பலமுறை கடிந்துகொண்டிருக்கிறேன்.

ஒருநாள் இடைவேளைக்கு முந்தைய பாடவேளையில் அவள் கையை உயர்த்தி, பாத்ரூம் போகலாமா என்று கேட்டாள். சற்றுமுன்தான் வேறு இருவர் போய்த் திரும்பியிருந்தார்கள். மணி அடிக்க இன்னும் 15 நிமிடம் இருந்தது. "மணி அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிறிது நேரத்தில் பின்வரிசையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவளுடைய இருக்கையின் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. அவளோ இடக்கையால் நோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிக்கொண்டே இருந்தால் யாரும் தன்னைப் பார்க்கமாட்டார்கள் என்று நம்பியவளைப் போல அத்தனை வேகமாக எழுதினாள். நான் அருகில் போய், வகுப்பு முழுவதும் கேட்கும் குரலில், "முன்னாலேயே கேட்டிருக்கலாம் இல்லையா?" என்றேன். அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "கேட்டேன் டீச்சர். நீங்கதான் மணி அடிக்கட்டும்னு சொன்னீங்க."

அவள் குரலில் புகார் எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள், அவ்வளவுதான். அதனாலேயே அந்தச் சொற்கள் இத்தனை ஆண்டுகளாக என்னை விட்டு நீங்கவில்லை. அதன் பிறகு பல பெற்றோரிடமும் சில மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் பேசி, தேடித் தேடிப் படித்து, வகுப்பறையில் தவறியும் திருத்தியும் நான் வந்து சேர்ந்த கருத்து ஒன்று உண்டு. சிறுநீரையோ மலத்தையோ கட்டுப்படுத்த முடியாமல் சிரமப்படும் குழந்தைக்குப் பள்ளி செய்யக்கூடிய முதல் உதவி, அந்தக் குழந்தையை அனுமதி கேட்க வைக்காமல் இருப்பதுதான். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அது இல்லாத இடத்தில் மற்றவை பெரும்பாலும் பயன்படுவதும் இல்லை.

அந்தக் குந்தும் வழக்கத்துக்கு மருத்துவத்தில் ஒரு பெயரே இருக்கிறது என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். 1966-ல் வின்சென்ட் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதியிருக்கிறார். இன்றும் அவர் பெயரால்தான் அதைக் குறிப்பிடுகிறார்கள். முன்னறிவிப்பின்றிச் சிறுநீர்ப்பை இறுகிச் சுருங்கத் தொடங்கும்போது, குழந்தை குதிகாலால் அடிப்பகுதியை அழுத்தி, வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டு அந்த இறுக்கம் கடந்து போகும்வரை காத்திருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தன் உடலே கண்டுபிடித்த தற்காப்பு அது. நான் எந்த அசைவைக் குறும்பு என்று கண்டித்தேனோ, அதுதான் நனையாமல் இருப்பதற்காக அவள் நாள் முழுவதும் செய்துகொண்டிருந்த வேலை. அதைச் செய்துகொண்டே கணக்கும் போட வேண்டியிருந்தது.

குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மருத்துவர்கள் எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி, 30-ஆல் பெருக்கினால் வரும் எண்ணே ஏறத்தாழ அதன் கொள்ளளவு, மில்லிலிட்டரில். அதன்படி 7 வயதுக் குழந்தைக்கு 240 மில்லிலிட்டர், அதாவது ஒரு டம்ளர் அளவு. பகல் பொழுதில் 4 முதல் 7 முறை சிறுநீர் கழிப்பது இயல்பு. 3 முறை அல்லது அதற்கும் குறைவாகப் போவதும், 8 முறை அல்லது அதற்கும் மேல் போவதும் கவனிக்க வேண்டியவை. இந்த எண்களைப் பள்ளியின் நாளோடு பொருத்திப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. காலையில் வீட்டிலிருந்து புறப்படும் குழந்தை மாலையில் திரும்பும்வரை இரண்டே இடைவேளைகளில், அதுவும் வரிசையில் நின்று, விளையாட்டையும் சாப்பாட்டையும் இழக்காமல் போய் வந்தாக வேண்டும் என்பது பெரியவர்களே தங்களுக்கு வைத்துக்கொள்ளாத விதி. நான் பணியாற்றிய இடத்தில் ஆசிரியர்களின் கழிவறை ஆசிரியர் அறையை ஒட்டியே இருந்தது. எனக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை.

இப்படிச் சிரமப்படும் குழந்தைகள் அபூர்வம் என்று நினைத்திருந்தேன். அது தவறு. ஸ்வீடனில் பள்ளியில் சேரும் 7 வயதுக் குழந்தைகளிடம் எடுக்கப்பட்டு 1990-ல் வெளியான ஆய்வில், பெண் குழந்தைகளில் சுமார் 6 சதவீதத்தினருக்கும் ஆண் குழந்தைகளில் 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கும் பகலிலேயே நனையும் சிக்கல் இருந்தது. 40 பேர் உள்ள வகுப்பில் இருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இருவரில் ஒருவரை நமக்குத் தெரியாமலே இருக்கும். ஏனெனில் அந்தக் குழந்தையின் அறிவும் உழைப்பும் முழுவதும் அதை நம்மிடமிருந்து மறைப்பதற்கே செலவாகிறது. கருநிற ஆடையையே விரும்பி அணிவது, குளிர்ச்சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டே திரிவது, விளையாட்டு வேளையில் ஓரமாக நிற்பது, பாட்டிலைத் திறக்காமலே வைத்திருப்பது ஆகிய எல்லாமே அந்த மறைப்பின் பகுதிகள்.

பாட்டில் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் வராது என்பது ஒரு குழந்தை தானே போட்டுக்கொள்ளும் கணக்கு. சில வீடுகளில் பெரியவர்களும் அதையே சொல்லி அனுப்புகிறார்கள். உடல் அப்படி நடந்துகொள்வதில்லை. குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்துகிறது. சிறிதளவு சேர்ந்ததுமே அவசரம் தட்டுகிறது. சிறுநீர்ப்பை முழுமையாக நிரம்பிப் பழகாததால் அதன் கொள்ளும் திறனும் வளர்வதில்லை. மறுபக்கம் மலமும் இறுகிவிடுகிறது. நாள் முழுவதும் சீராகப் பிரித்து 6 முதல் 8 டம்ளர் நீர்ம உணவு எடுத்துக்கொள்ள வேண்டும், தேநீர், காபி, கோலா போன்ற காஃபீன் கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதுதான் பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை. நனையும் குழந்தையை இன்னும் அதிகமாகக் குடிக்கச் சொல்வது கேட்பதற்கு முரணாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

அந்தச் சிறுமியின் அம்மாவை அழைத்துப் பேசியபோது அவர் வந்து உட்கார்ந்த விதமே மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. "வீட்லயும் திட்டிப் பார்த்துட்டேன் டீச்சர், வேணும்னேதான் செய்றாளோன்னு தோணுது" என்றார். வகுப்பில் அவள் அனுமதி கேட்டதையும் நான் மறுத்ததையும் அவரிடம் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அன்று இரவு அந்தக் குழந்தைக்கு வீட்டில் இன்னொரு திட்டு விழுந்திருக்கும். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவள் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம் கழிக்கிறாள், அதுவும் அழுதுகொண்டே, என்று ஏதோ சம்பந்தமில்லாத செய்தியைப்போல் சொன்னார். முழுச் சிக்கலின் முடிச்சும் அதில்தான் இருந்தது என்பது மருத்துவரிடம் போன பிறகுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

மலக்குடல் சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. நாட்கணக்கில் வெளியேறாத மலம் அங்கே கட்டியாகித் தங்கும்போது அது சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. இருக்கும் கொஞ்ச இடமும் குறைகிறது. கண்ட நேரத்தில் அது சுருங்கத் தொடங்குகிறது. இரண்டுக்கும் பொதுவான, இடுப்பின் அடியில் உள்ள அடித்தளத் தசைகள் எப்போதும் இறுகியே இருப்பதால் சிறுநீரும் முழுமையாக வெளியேறுவதில்லை. மிச்சம் தங்கும் சிறுநீரில் கிருமித்தொற்று எளிதில் வருகிறது. நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 234 குழந்தைகளைப் பற்றி 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், மலச்சிக்கலைத் தீர்த்த பிறகு பகலில் நனைந்துகொண்டிருந்தவர்களில் 89 சதவீதத்தினருக்கும், இரவில் நனைந்தவர்களில் 63 சதவீதத்தினருக்கும் அந்தச் சிக்கல் நீங்கியிருக்கிறது. சிறுநீருக்கென்று தனியாக எந்த மருத்துவமும் பார்க்கும் முன்பு குடலைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுதான். வகுப்பாசிரியராக எனக்கு இது ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஒரு பெற்றோரை எதிரே வைத்துக்கொண்டு "குழந்தைக்குப் பழக்கம் போதவில்லை" என்று சொல்லப்போகும் வாயை அடைக்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளாடையில் மலம் கசியும் குழந்தைகளின் நிலை இதைவிடக் கொடியது. சிறுநீரில் நனைந்தவரிடம் காட்டும் இரக்கத்தைக்கூட நாம் இவர்களிடம் காட்டுவதில்லை. பெரும்பாலும் இதன் வேரும் மலச்சிக்கல்தான். இறுகிய மலத்தைச் சுற்றி, மேலிருந்து வரும் இளகிய மலம் வழிந்து வெளியேறுகிறது. நீண்ட காலம் விரிந்தே கிடக்கும் மலக்குடல், நிரம்பியிருப்பதை மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வை இழந்துவிடுகிறது. எனவே "வருவது தெரியலை" என்று குழந்தை சொல்வது உண்மை. "இந்த நாற்றம்கூடத் தெரியவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஒரே வாசனையில் நெடுநேரம் இருந்தால் யாருடைய மூக்கும் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் என்பதால், சுற்றியிருப்பவர்கள் முகம் சுளிப்பதைக் கண்ட பிறகே அந்தக் குழந்தைக்குத் தெரியவருகிறது. சோம்பேறித்தனம், பிடிவாதம், கவனத்தை ஈர்க்கும் தந்திரம் என்றெல்லாம் இதற்குப் பெயர் வைத்துப் பேசிய சக ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அந்தப் பேச்சில் நானும் ஒருகாலத்தில் இருந்தேன்.

சிகிச்சை தொடங்கிய பிறகும் பள்ளிக்கு ஒரு கடினமான காலம் உண்டு. தேங்கியதை இளக்கி வெளியேற்றும் மருந்து கொடுக்கும்போது முதல் சில நாட்கள் கசிவு குறைவதற்குப் பதிலாகக் கூடும். அதன் பின்னரும் மருந்தை மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். விரிந்த குடல் பழைய அளவுக்கும் உணர்வுக்கும் திரும்ப அவ்வளவு காலம் ஆகும். உணவுக்குப் பிறகு குடலில் இயல்பாகவே அசைவு கூடுவதால், சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் 5 முதல் 10 நிமிடம் அவசரமின்றி உட்காரப் பழக்குகிறார்கள். கால்கள் தொங்கினால் அடித்தளத் தசைகள் தளராது. பாதம் பதிந்திருக்க வேண்டும். உயரமான இருக்கையானால் ஒரு முக்காலி தேவை. இந்தப் பத்து நிமிடம் பள்ளியில் மதிய உணவுக்குப் பிறகு வருகிறது. கதவு தட்டப்படாத, வெளியில் யாரும் அவசரப்படுத்தாத பத்து நிமிடத்தை ஒரு பள்ளியில் ஏற்பாடு செய்வது எவ்வளவு கடினம் என்பதை முயன்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாணவர் கழிவறைக்குள் நான் முதன்முறையாக முழுமையாகப் போய்ப் பார்த்தேன். இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில் தாழ்ப்பாள் ஏழு வயதுக் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. உட்கார்ந்துகொண்டே ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்வது அங்கே எல்லாச் சிறுமிகளுக்கும் வழக்கமாகியிருந்தது. நான் அவள் இடத்தில் நின்று கையை நீட்டிப் பார்த்தேன், உடல் முழுவதும் முன்னோக்கி இழுபடுகிறது. அந்த நிலையில் எந்தத் தசையும் தளராது. சிறுநீர் பாதியிலேயே நின்றுவிடும். மிச்சத்தோடு வகுப்புக்கு வரும் குழந்தைதான் பத்து நிமிடத்தில் மறுபடி கையைத் தூக்குகிறது. "இப்போதுதானே போய் வந்தாய்?" என்று நாம் கேட்கிறோம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கூடி நிற்கும் நேரத்தில் சின்னவர்கள் உள்ளே போவதில்லை என்பதையும், ஈரத் தரையும் துர்நாற்றமும் அஞ்சி நாள் முழுவதும் அடக்கிக்கொள்ளும் சிலர் இருப்பதையும் பிள்ளைகளே பிறகு எனக்குச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன், தண்ணீர்த் தொட்டி திறக்கும் இரைச்சலுக்கு அஞ்சியே உள்ளே நுழைய மறுத்து வந்தான். சிறுநீரை அடக்கும் பழக்கம் எப்போதும் வீட்டில்தான் தொடங்குகிறது என்றில்லை. நாம் கற்பிக்கிறோம் என்று தெரியாமலேயே பள்ளியில் அதைக் கற்பித்துவிடுகிறோம்.

தாழ்ப்பாள் போட ஒரு வாரம்தான் ஆயிற்று. அனுமதி கேட்கும் முறையை மாற்றத்தான் நாளாயிற்று. அதை மாற்ற வேண்டியிருந்தது என்னிடம். நாங்கள் செய்தது இதுதான்: அவளிடம் உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் அட்டையைக் கொடுத்தோம். போக வேண்டும் என்றால் அதை மேசையின் மூலையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம். என் முகத்தைப் பார்க்கவும் வேண்டியதில்லை. கதவருகே இருக்கும் இருக்கைக்கு அவளை மட்டும் மாற்றினால் காரணம் தெரிந்துவிடும் என்பதால் வகுப்பு முழுவதற்கும் இருக்கைகளை மாற்றி அமைத்தேன். சில நாட்கள் கழித்து, அவளுக்கு மட்டும் அட்டை இருப்பதும் ஓர் அடையாளமாகிவிடும் என்று தோன்றியதால் எல்லாருக்குமே அட்டை கொடுத்தேன். பாடவேளையில் பாதி வகுப்பு வெளியே திரியும் என்று அஞ்சினேன். முதல் இரண்டு நாள் அப்படித்தான் ஆயிற்று. மூன்றாவது நாள் புதுமை தீர்ந்துவிட்டது. தேவைப்பட்டவர்கள் போனார்கள், மற்றவர்கள் இருந்தார்கள்.

அட்டை போதவில்லை என்பதும் விரைவில் தெரிந்தது. அவசரம் தட்டிய பிறகு கிளம்பினால் அவளுக்கு நேரம் போதாது. பாதி வழியிலேயே நனைந்துவிடும். அதனால்தான் தேவை தோன்றுவதற்குக் காத்திராமல் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "போய் வா" என்று ஒவ்வொரு முறையும் நான் சொன்னால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஒலி எழுப்பாமல் மணிக்கட்டில் அதிரும் கைக்கடிகாரங்கள் இதற்கென்றே கிடைக்கின்றன; அவள் பெற்றோர் ஒன்று வாங்கிக் கட்டிவிட்டார்கள். அது அதிரும்போது அவள் வலக்கை ஒரு கணம் எழுதுவதை நிறுத்தும், இடக்கை மணிக்கட்டைப் பார்ப்பாள், அட்டையை வைப்பாள், போவாள். நாலே அசைவு. பக்கத்தில் இருந்த சிறுவனுக்குக்கூட அது என்னவென்று தெரியாது. ஆனால் கடிகாரம் அதிரும் நேரத்தில் பாடம் சுவையாக இருந்தால் அவள் அதைப் புறக்கணிப்பாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரியவர்களுக்கும் அப்படித்தானே. அந்தச் சமயங்களில் நான் அவள் மேசையோரம் நடந்து போகும்போது விரலால் மூலையை ஒருமுறை தொடுவேன்.

இத்தனைக்கும் பிறகும் நனையும் நாள் வரும். அந்த ஐந்து நிமிடத்தில் பெரியவர் என்ன செய்கிறார் என்பதைக் குழந்தை ஆயுளுக்கும் நினைவில் வைத்திருக்கும் என்று நம்புகிறேன். கவோரு யமமோட்டோ என்ற ஆய்வாளர் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு நேரக்கூடிய துன்பங்களை வரிசைப்படுத்தச் சொன்னபோது, வகுப்பில் நனைந்துவிடுவதை 4 முதல் 6-ஆம் வகுப்புக் குழந்தைகள் பெற்றோரை இழப்பது, பார்வையை இழப்பது, அதே வகுப்பில் மீண்டும் படிக்க நேர்வது ஆகியவற்றை அடுத்து வரும் வரிசையில், பெற்றோர் சண்டையிடுவதற்கும் மேலாக வைத்தார்கள். ஒரு குழந்தையின் மனத்தில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று அறியாமல்தான், "பரவாயில்லை, துடைச்சிடலாம்" என்று நாம் உரக்கச் சொல்லி ஆறுதல் தந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். ஆறுதலும் உரக்கச் சொன்னால் அறிவிப்பாகிவிடுகிறது.

நான் பின்பற்றத் தொடங்கிய முறை எளியது. முதலில் வகுப்பின் கண்களை வேறு பக்கம் திருப்ப வேண்டும்: எல்லாரும் எழுந்து நூலக அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றோ, வெளியே போய் மரத்தடியில் வாசிப்போம் என்றோ சொல்வேன். அந்தச் சலசலப்பில் அவள் பின்தங்குவாள். மாற்றுடைப் பை அவளுடைய புத்தகப்பையில் இருக்காது. கழிவறைக்கு அருகே உள்ள அலமாரியில், பெயர் எழுதாமல், அவளுக்குத் தெரிந்த நிறத்தில் இருக்கும். அதில் உள்ளாடை, பாவாடை, ஈரத் துடைப்பான்கள், ஒரு சிறு துண்டு, ஈர ஆடையைக் கட்டிக் கொண்டுபோக ஒளி ஊடுருவாத பை ஆகியவை இருக்கும். ஈர ஆடையைக் கண்ணாடிப் பையில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்புவது என்பது ஊரறியக் கொடி பிடிக்கச் சொல்வது. தானே சுத்தம் செய்துகொள்ளக்கூடிய குழந்தையைத் தானே செய்ய விட வேண்டும். கதவுக்கு வெளியே ஒரு பெரியவர் நின்றால் போதும். உதவி தேவைப்படும் சிறு குழந்தையானால், யார் உதவுவார்கள், எப்படி உதவுவார்கள் என்பதைப் பெற்றோரின் ஒப்புதலோடு முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். அது குழந்தைக்கும் பாதுகாப்பு, உதவுபவருக்கும் பாதுகாப்பு. நனைந்த குழந்தையை அப்படியே உட்கார வைத்துவிட்டு அம்மா வரும்வரை காத்திருப்பது எந்த விதியாலும் நியாயப்படுத்த முடியாத செயல்.

யாருக்கெல்லாம் சொல்வது என்பதைக் குழந்தையிடமே கேட்க வேண்டும். வகுப்பாசிரியர் தவிர, அவள் வகுப்புக்கு வரும் விளையாட்டு ஆசிரியர், ஓவிய ஆசிரியர், விடுப்பில் ஒருவர் போகும்போது பதிலுக்கு வருபவர் ஆகிய எல்லாருக்கும் அட்டையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். காரணம் எல்லாருக்கும் தெரிய வேண்டியதில்லை. எங்கள் ஏற்பாடு ஒருமுறை உடைந்ததும் அங்கேதான். நான் இல்லாத நாளில் வந்த ஆசிரியர் அட்டையைப் பார்த்து "இது என்ன விளையாட்டு?" என்று வாங்கி வைத்துக்கொண்டார். தவறு அவருடையதல்ல, நான் எழுதி வைக்கவில்லை.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் பழக்கத்தாலும் சிகிச்சையாலும் சரியாகும் நிலைகள். பிறவியிலேயே தண்டுவடம் முழுமையாக மூடாமல் பிறந்த குழந்தைகளும், மலக்குடல் சரியாக உருவாகாமல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளும் வேறு வகை. அவர்களில் பலருக்கு நரம்பின் செய்தியே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. ஜாக் லேபிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1972-ல் முன்வைத்த முறை அவர்கள் வாழ்க்கையை மாற்றியது: சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிட்டுக் குழாயை எடுத்துவிடுவது. அறுவை அரங்கத்தின் நுண்ணுயிர் நீக்கிய சூழல் தேவையில்லை, கை கழுவிய சுத்தமே போதும் என்று அவர் காட்டியதால்தான் அது வீட்டுக்கும் பள்ளிக்கும் வர முடிந்தது. முதலில் பெற்றோரோ பயிற்சி பெற்ற உதவியாளரோ செய்கிறார்கள். வளர வளரக் குழந்தையே செய்துகொள்ளக் கற்றுக்கொள்கிறது. என் மாணவன் ஒருவன் 9 வயதில் அதைத் தனியாகச் செய்யத் தொடங்கினான். அவனுக்குப் பள்ளியிடமிருந்து தேவைப்பட்டவை ஒரு தாழ்ப்பாள், ஒரு கைகழுவும் தொட்டி, பொருட்களை வைக்க ஒரு தட்டு, அவசரப்படுத்தாத 15 நிமிடம், அவ்வளவுதான். தண்டுவடக் குறைபாட்டோடு பிறந்தவர்களில் பலருக்கு லேட்டக்ஸ் எனும் இயற்கை ரப்பருக்கு ஒவ்வாமை உண்டு என்பதால் உதவுபவரின் கையுறையும் வகுப்பில் ஊதும் பலூனும்கூட அவனுக்கு ஆபத்தாகலாம் என்று அவன் அப்பா சொன்னபோதுதான், பிறந்தநாள் அலங்காரத்தை நாங்கள் காகிதத்துக்கு மாற்றினோம்.

ஆசிரியர் மருத்துவர் அல்ல. ஆனால் நாள் முழுவதும் குழந்தையைப் பார்க்கும் கண் அவருடையது. அதுவரை சரியாக இருந்த குழந்தை திடீரென்று நனையத் தொடங்கி, தீராத தாகத்தோடு தண்ணீர் குடித்து, உடல் மெலிந்தால் அது நீரிழிவின் தொடக்கமாக இருக்கலாம். அதை அன்றே பெற்றோரிடம் சொல்லி உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல் என்றால் தொற்றாக இருக்கலாம். இடைவிடாமல் சொட்டிக்கொண்டே இருப்பது, சிறுவனுக்குச் சிறுநீர் மெல்லிய இழையாக முக்கி முக்கி வருவது, நடையில் புதிதாகத் தடுமாற்றம் தெரிவது ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. உடலில் எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று தொடங்கினால், அந்தக் குழந்தைக்கு வீட்டிலோ பள்ளியிலோ என்ன நடக்கிறது என்று மென்மையாகக் கவனிக்க வேண்டும். யாரோ மிரட்டுவதும், அதைவிடக் கொடியவையும் சில சமயம் இப்படித்தான் வெளியே தெரிகின்றன.

வயது கூடக் கூட இதைப் பற்றிய பேச்சு குறைகிறதே தவிரச் சிக்கல் எல்லாருக்கும் நீங்கிவிடுவதில்லை. சிரிக்கும்போது மட்டும் சிறுநீர்ப்பை முழுவதுமாகக் காலியாகிவிடும் ஒரு நிலை, பதின்ம வயதை நெருங்கும் சிறுமிகளிடம் காணப்படுகிறது. அப்படிப்பட்ட ஒரு பெண் பள்ளியில் சிரிப்பதையே நிறுத்தியிருந்தாள், நாங்கள் அவளை முசுடு என்று நினைத்திருந்தோம். இரவு தங்கும் சுற்றுலாவுக்கு வராத பிள்ளைகளில் சிலர் பணம் இல்லாததால் வராதவர்கள் அல்லர். இரவில் நனையும் அச்சத்தால் வராதவர்கள். யாரும் அறியாமல் மருந்து கொடுக்கவும் விடியலில் படுக்கையை மாற்றவும் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்பார் என்று முன்கூட்டியே சொன்னால் அவர்களில் சிலர் வருவார்கள். தேர்வறையில் எழுந்து போக அனுமதியும், போன நேரத்துக்கு ஈடான கூடுதல் நேரமும் எழுத்தில் வாங்கி வைத்திருந்தால் தேர்வு நாளின் காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவதையாவது நிறுத்துவார்கள்.

அந்தச் சிறுமிக்குச் சரியாவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. நேர்கோட்டில் ஆகவில்லை. விடுமுறை முடிந்து திரும்பிய வாரத்தில் மூன்று முறை நனைந்தாள்; மருந்தை நிறுத்தியிருந்தார்கள், மறுபடி தொடங்கினார்கள். இடையில் ஒருநாள் அவள் என்னிடம் வந்து காலிப் பாட்டிலை நீட்டி, "தண்ணி பிடிச்சிட்டு வரட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். அவளாகத் தண்ணீர் கேட்டது அதுவே முதல் முறை. அதற்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஆண்டு முடிவில் அடுத்த வகுப்பு ஆசிரியைக்கு ஒரு பக்கம் எழுதினேன். அட்டை, கடிகாரம், மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம், அலமாரியில் உள்ள பை, இவை பற்றிச் சில வரிகள்; பதிலுக்கு வருபவரும் படிக்கும்படி வகுப்புப் பதிவேட்டின் உட்புறம் இதை ஒட்டுங்கள் என்று கடைசி வரி. பையைக் கொடுப்பதற்காக அவள் அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். அவர் அதைத் திறந்து பாவாடையை எடுத்து விரித்துப் பார்த்தார். கடைசியாக மாற்றி வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அது அவளுக்குச் சிறியதாகிவிட்டிருந்தது. மறுநாள் ஓர் அளவு பெரிய பாவாடையைக் கொண்டுவந்து மடித்து அதே பையில் வைத்து, அலமாரியில் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.